ரிஃபத் தின்று தீர்த்த ரொட்டி

பன்னிரண்டு வருஷம் ஒருத்தி மேல் கோபத்தைக் கட்டிக் காப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நடுவில் கல்யாணம், பிள்ளைப்பேறு, காய்ச்சல், வேலை என்று ஆயிரம் வரும். கோபம் தானாக நழுவிப் போய்விடும். நான் நழுவ விடவில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் வீட்டுக்காரர் துர்சுன் கண்மூடும் வரை சிரித்துக்கொண்டேதான் இருந்தார். லாகூர்க்காரி ரிஃபத், தாஷ்கண்டை விட்டுக் கிளம்பிய அன்று, நான் கொடுத்த ரொட்டியை ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டாள். அவ்வளவுதான் காரணம்.

எங்கள் பக்கம் தூரதேசம் போகிறவர்கள் கிளம்பும்போது ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போவார்கள். ஒரே ஒரு கடி. மிச்சத்தைத் துணியில் சுற்றிச் சுவரில் மாட்டி வைப்போம். போனவர் திரும்பி வந்து அதைத் தின்று முடிக்க வேண்டும். யுத்தத்துக்குப் போன என் பெரியப்பாவின் ரொட்டி நாலு வருஷம் தொங்கியது. வந்து, தேநீரில் ஊறவைத்து, ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே தின்றாராம். கூடவே போன என் சித்தப்பா கடித்த ரொட்டி இன்னும் எங்கள் பூர்வீக வீட்டில்தான் இருக்கிறது. அதை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

ரிஃபத் யார் என்று சொல்ல வேண்டும். நான் தாஷ்கண்ட் வானொலியில் உருதுச் செய்தி வாசித்தவள். உருது மேல் ஆசைப்பட்டுப் படித்தவள் இல்லை. அரபி படிக்கத்தான் போனேன். இடம் நிரம்பிவிட்டது, பக்கத்து வகுப்பில் போய் உட்கார் என்றார்கள். உட்கார்ந்தேன், ஆயுசு முழுக்க அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உருது பேசுகிற தெரு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எங்கள் நாட்டுக்கும் பாகிஸ்தானுக்கும் கொஞ்சம் உறவு நன்றாக இருந்த எழுபதுகளில், ஓர் ஒப்பந்தத்தின் பேரில் ரிஃபத் லாகூரிலிருந்து எங்கள் நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள். எங்கள் உருதுவைத் திருத்துவதும் எங்களோடு சேர்ந்து வாசிப்பதும் அவள் வேலை. என் வயசுதான். ஒல்லியாக, பெரிய மூக்கோடு, எந்நேரமும் குளிரில் நடுங்கிக்கொண்டு இருப்பாள். நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு முதல் நாளே சொன்னாள்.

"நீ பேசறது சுத்தமான உருதுதான் சலாமத். ஆனா கல்யாண வீட்டுக்குப் போய் ஜட்ஜ் தீர்ப்பு சொல்ற மாதிரி இருக்குடி."

அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. புத்தகத்தில் இல்லாத உருதுவை எல்லாம் அவள்தான் கொடுத்தாள். கோபித்துக்கொள்வது எப்படி, கோபித்தவளைச் சமாதானம் செய்வது எப்படி, பக்கத்து வீட்டுக்காரியை அவள் காதில் விழுகிற மாதிரி திட்டுவது எப்படி எல்லாம். பதிலுக்கு நான் அவளைச் சோர்சு சந்தைக்குக் கூட்டிப்போய் உஸ்பெக் பேச வைத்தேன். இரண்டே குளிர்காலத்தில், மஞ்சள் கேரட் விற்கிற கிழவர் தலையில் கை வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பேரம் பேசினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். என் அம்மாவின் சோற்றில் காரம் இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவாள். அந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு அடுப்படி வாசனைதான் முதலில் வருகிறது. அதற்கப்புறம் நான் அவ்வளவு சிரித்ததே இல்லை.

எங்கள் வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு அரசாங்கமும் சிரித்துக்கொண்டால் எங்கள் கைக்குக் கவிதையும் பருத்தி அறுவடையும் நேயர் விருப்பமும் வரும். முறைத்துக்கொண்டால் கண்டனம் வரும். காலையில் மேஜை மேல் இருக்கும் காகிதத்தைப் பார்த்தே உறவு எப்படி என்று சொல்லிவிடுவோம். காபூலுக்குள் எங்கள் பட்டாளம் போன அந்தக் குளிர்காலத்தில் காகிதம் முழுக்கக் கண்டனம்தான். ரிஃபத்தை ஒலிவாங்கிப் பக்கமே விடவில்லை. கொஞ்ச நாளில் அவளை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நம்மைக் கேட்டுக்கொண்டா பட்டாளம் போகிறது?

கிளம்புகிற அன்று காலையில் அம்மா தந்தூரில் ரொட்டி சுட்டாள். நல்ல வட்டமாக, நடுவில் பூ அச்சுக் குத்தி, கறுப்பு எள் தூவியது. நான் அடுக்களைச் சுவரில், ஜன்னலை ஒட்டி, ஓர் ஆணி அடித்தேன். ஆணி பெரிசாக இருந்தால் நல்லது, எத்தனை வருஷம் தாங்க வேண்டியிருக்குமோ என்றாள் அம்மா. ரொட்டியைச் சூடாகச் சால்வையில் பொதிந்து விமான நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அங்கே எங்களுக்கு நடுவில் ஓர் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்பதற்கென்றே வந்தவர். உஸ்பெக்கில் பேசினாலும் புரியும், உருதுவில் பேசினாலும் புரியும். ஒன்றும் பேசாமல் சால்வையைப் பிரித்து ரொட்டியை நீட்டினேன். ரிஃபத் வாங்கினாள். என்னைப் பார்த்தாள். ஒரு கடி கடித்தாள். நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. இன்னொரு கடி கடித்தாள், இன்னொன்று கடித்தாள். அப்புறம் திரும்பிப் பனியில் இறங்கி விமானத்தைப் பார்த்து நடந்தாள், தின்றுகொண்டே. நடுவில் குனிந்து பனியை அள்ளினாள்; இந்த நேரத்தில் என்ன விளையாட்டு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. படிக்கட்டில் ஏறும் முன் இரண்டு கையையும் தட்டி உதறினாள். நான் வெறும் சால்வையோடு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மிச்சம் எங்கே என்று கேட்டாள். சொன்னேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். முழுசும் தின்றவள் திரும்ப மாட்டாள் என்பதை எனக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அவளுக்கு எங்கள் வழக்கம் தெரியாது, தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்த்திருப்பார்கள், அந்த வளர்ப்புதான் குடியைக் கெடுத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து வருஷம் எங்களோடு இருந்தவள் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாதா என்று கோபம் வரும். பிறகு கல்யாணமாகி துர்சுன் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தார். அந்த ஆணியில் அவர் தொப்பியை மாட்டினால் எடுத்து எறிந்துவிடுவேன். அது காலியாகத்தான் இருக்க வேண்டும். "பாவம், அந்தப் பொண்ணுக்குப் பசியா இருந்திருக்கும், அதுக்குப் போய் ஒரு ஆணியைச் சும்மா வச்சிருக்கியே" என்பார். அவர் துணி ஆலையில் இயந்திரம் பார்ப்பவர்; அவருக்கு ஆணி என்றால் ஆணிதான்.

அவளிடமிருந்து ஒரு வரி வரவில்லை. நானும் எழுதவில்லை, எழுதினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. ஒவ்வொரு மாலையும் கொடுத்த காகிதத்தை வாசித்தேன். முடிக்கும்போது கராச்சி, லாகூர், டெல்லி, ஹைதராபாத் நேயர்களுக்கு நன்றி என்று எழுதியிருக்கும். நான் லாகூரை முதலில் சொல்வேன். அந்த ஒரு சொல்லை இடம் மாற்றுவதுதான் நான் எடுத்துக்கொண்ட சுதந்திரம். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் செய்ய வேண்டியதைச் செய்யத்தானே வேண்டும்.

பிறகு ரஷ்யாவோடு நாங்கள் சேர்ந்திருந்த பெரிய வீடு இடிந்தது. ஒரு நாள் காலையில் நாங்கள் தனி நாடு என்றார்கள். சர்க்கரைக்குச் சீட்டு, சோப்புக்குச் சீட்டு. ஆனால் கொடி புதுசு. தொண்ணூற்றிரண்டில் பாகிஸ்தானிலிருந்து தூதுக்குழு வருகிறது, உறவு தொடங்கப் பேச வேண்டும் என்று அமைச்சகத்திலிருந்து ஆள் வந்தார். இத்தனை நாளும் நடுவில் ரஷ்ய மொழி உட்கார்ந்திருந்தது. இனி நேராகப் பேச வேண்டும், உஸ்பெக்கிலிருந்து உருதுவுக்கு யார் இருக்கிறார்கள் என்று தேடி என்னைப் பிடித்திருக்கிறார்கள். என்னிடம் நல்ல செருப்பு இல்லை. துர்சுன் தன் தங்கையிடம் இரவல் வாங்கி வந்தார். அளவு சின்னது.

காலைக் கடிக்கும் செருப்போடு எங்கள் துணை அமைச்சரின் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. அவர்கள் தலைவர் வந்தார், கனத்த மனிதர். அவர் பின்னால் சிலர் வந்தார்கள். எல்லோருக்கும் கடைசியில், உச்சியில் நரை ஓடி, சாம்பல் நிறச் சால்வை போர்த்திக்கொண்டு, அதே மூக்கோடு ரிஃபத் வந்தாள். நேராக வந்து தன் தலைவரின் பக்கத்தில், எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் அவள்தான். என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்துத் தாளைப் பார்த்துக்கொண்டாள்.

இந்த வேலையின் முறையைச் சொல்கிறேன். அவரவர் தலைவர் பேசுவதை அவரவர் ஆள் எதிராளியின் மொழியில் சொல்ல வேண்டும். அதாவது நான் அவள் மொழியில் பேச வேண்டும், அவள் என் மொழியில் பேச வேண்டும். அதுவும் அமைச்சர் இப்படிச் சொல்கிறார் என்று சொல்லக்கூடாது. அவர் 'நான்' என்றால் நாமும் 'நான்'. சொந்தமாக ஒரு மூச்சுகூட விடக்கூடாது.

அவர்கள் தலைவர் தொடங்கினார். ரிஃபத் வாயைத் திறந்தாள். சோர்சு சந்தையில் நான் கற்றுக்கொடுத்த உஸ்பெக், ஒரு சொல் மழுங்கவில்லை.

"நாங்கள் தாமதமாக வந்திருக்கிறோம். இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். வழி எங்கள் கையில் இருக்கவில்லை."

இதை யார் சொல்கிறார்? அந்தக் கனத்த மனிதரா, அவளா? எங்கள் துணை அமைச்சர் பதில் சொன்னார். நான் உருதுவில் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"எங்கள் கதவை நாங்கள் சாத்தவில்லை. வேறு யாரோ சாத்தினார்கள். உங்களை நாங்கள் எப்போதும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்."

அவள் பென்சில் நின்றது. பிறகு பருத்தி, விமானம், நூற்பாலை, தூதரகத்துக்கு இடம் என்று பேச்சு போனது. நடுவில் எங்கள் அமைச்சர், நடந்தவற்றை மறந்துவிட்டு முன்னே போவோம் என்றார். எனக்கு அதைச் சொல்ல இஷ்டமே இல்லை. யார் மறப்பது, எதை மறப்பது? வேலை என்பதால் சொன்னேன். என் குரலில் மறப்பதற்கான அறிகுறியே இல்லை என்று அவர்கள் பக்கம் இருந்த ஒருவர் பிறகு சொன்னாராம்.

வந்திருந்த நாட்கள் முழுக்க இப்படித்தான். தேநீர் வேளையிலும் விருந்திலும் தலைவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் வாயை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சிரிப்பாவது சிரிக்கிறாளா? இல்லை. சாப்பாட்டைக்கூடக் குறை சொல்லவில்லை. அவளோடு ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும், ஏன்டி அப்படிச் செய்தாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் எனக்கு. தூதரகம் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன என்று ஆகிவிட்டது.

கடைசி நாள் விமான நிலையத்தின் வரவேற்பு அறையில் வழியனுப்பு. எங்கள் துணை அமைச்சர் ஃபெர்கானாப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. புத்தகத்தில் இருக்கும் மரியாதையெல்லாம் அவருக்குப் போதாது. ரொட்டி கொண்டுவரச் சொன்னார். பூ அச்சுக் குத்தின ரொட்டி, தட்டில் வைத்து வந்தது. இரண்டு கையாலும் எடுத்து அவர்கள் தலைவரிடம் நீட்டினார். நான் வழக்கத்தை விளக்கிச் சொல்வதற்குள் அந்த மனிதர் நன்றி சொல்லி ஒரு கடி கடித்து, ரொட்டி நன்றாக இருந்ததாலோ என்னவோ அடுத்த கடிக்கு வாயைத் திறந்தார். ரிஃபத் அவர் கையைத் தொட்டாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் உருது ஆயிற்றே, எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"சாகிப், ஒரு கடி போதும். மிச்சத்தை இவங்க மாட்டி வச்சு, நீங்க திரும்பி வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாங்க. முழுசும் தின்னுட்டா, எனக்காகக் காத்திருக்க வேண்டாம்னு சொன்னதா ஆயிடும்."

எனக்குச் செருப்புக் கடித்த வலி, கொடி, அமைச்சர் எல்லாம் மறந்துபோயிற்று. இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் தின்றிருக்கிறாள்.

"அப்போ உனக்குத் தெரியும்" என்றேன், உருதுவில், அறை முழுக்கக் கேட்கும்படி. "காத்திருக்க வேண்டாம்னுதான் சொன்னியா?"

அவர்கள் தலைவர் திடுக்கிட்டு எங்கள் அமைச்சரைப் பார்த்தார், அவர்தான் ஏதோ கேட்கிறார் என்று. எங்கள் அமைச்சர் என்னைப் பார்த்து, "என்னம்மா, நான் இன்னும் ஒண்ணும் பேசவே இல்லையே" என்றார்.

ரிஃபத் பதில் சொன்னாள். பழக்கம் விடவில்லை; என் கேள்விக்கு உஸ்பெக்கில் சொன்னாள். அதனால் கேள்வி அவர்கள் பக்கத்துக்குப் புரிந்தது, பதில் எங்கள் பக்கத்துக்குப் புரிந்தது.

"தெரியும். வந்த முதல் குளிர்காலமே சந்தையில ரொட்டிக்கார அம்மா சொல்லிட்டாங்க. ஊருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அதிகாரிங்க, திரும்பி வரமாட்டேன், யாருக்கும் எழுதமாட்டேன்னு என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க சலாமத். மிச்சம் வச்சிருந்தா நீ அதைச் சுவத்துல மாட்டி, பொழுதுக்கும் அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? அதான் தின்னேன். தொண்டையில இறங்கவே இல்லடி. பனியை அள்ளி வாயில போட்டுத்தான் முழுங்கினேன்."

எங்கள் அமைச்சர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆணியை அன்னிக்குக் காலையிலேயே அடிச்சிட்டேன்" என்றேன். "ரொட்டி இல்லைன்னா காத்திருக்க மாட்டேன்னு நினைச்சியா? பன்னிரண்டு வருஷம் வெறும் ஆணியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்டி."

அப்போதுதான் அவள் அழுதாள். நான் முன்பே அழ ஆரம்பித்திருந்தேன். மூக்கைச் சால்வையில் துடைத்துக்கொண்டே, மாலையில் தன் வீட்டில் எல்லோரும் என் குரலைத் திட்டுவார்களாம், இவள் துணி மடிக்கிற சாக்கில் வானொலி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாளாம், அதையெல்லாம் சொன்னாள். எனக்கு ஒரு மார்கழி முழுக்க இருமல் இருந்ததைச் சொன்னாள். என் குரல் கேட்காத போதெல்லாம் செத்துப்போய்விட்டேன் என்று நினைத்து எனக்காக மூன்று தடவை பாத்தியா ஓதியிருக்கிறாள். மூன்று தடவையும் நான் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தேன். கராச்சிக்கு முன்னால் லாகூரைச் சொன்னதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ வந்து நின்றார்கள். எங்கள் அமைச்சர் இன்னொரு ரொட்டி கொண்டுவரச் சொன்னார். இல்லை என்றார்கள், சீட்டுக் காலம், ஒன்றைத் தேடுவதே பெரும்பாடாக இருந்ததாம். அவர்கள் தலைவர் தன் ரொட்டியைத் திருப்பி, கடிக்காத பக்கத்தை ரிஃபத்திடம் நீட்டினார். அவள் ஓர் ஓரத்தில் கடித்தாள். எலி கடித்த மாதிரி அத்தனூண்டு.

"என்னடி இவ்வளவு சின்னக் கடி?" என்று கேட்டேன்.

"மிச்சம் நிறைய இருந்தாத்தானே தின்னு முடிக்க நிறைய நாள் ஆகும்" என்றாள். "அதுவரைக்கும் யாரும் என்னைக் கிளம்புன்னு சொல்ல முடியாது."

ரொட்டி யாருக்குச் சொந்தம் என்று கேள்வி வந்தது. ஒரு கடி பாகிஸ்தான் அரசாங்கத்தினுடையது, ஆகவே அது அமைச்சகத்துக்குப் போக வேண்டும் என்றார் ஒரு அதிகாரி. துணை அமைச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அமைச்சகத்தில் இதற்கென்று ஆணி இல்லை, சலாமத் அக்கா வீட்டில் இருக்கிறது என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மாட்டினேன். துர்சுன் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

தூதரகம் திறந்தது. அந்தக் கனத்த மனிதர் திரும்பி வரவே இல்லை. மனுஷனுக்கு வேறு வேலை வந்திருக்கும். ரிஃபத் அடுத்த வருஷம் செர்ரி பூக்கும்போது வந்தாள். ஒவ்வொரு காலையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டுத் தேநீரில் ஊறவைத்து, அரசாங்கத்தின் பங்கையும் சேர்த்து அவளே தின்றாள். காரம் இல்லை என்றாள். கிளம்பும்போது புது ரொட்டியில் அதே எலிக் கடி. அப்படி எத்தனையோ தடவை வந்துவிட்டாள். இப்போது அவளுக்கு முழங்கால் சரியில்லை, பல்லும் சரியில்லை. கடைசியாகக் கடித்துவிட்டுப் போன ரொட்டி ஜன்னலை ஒட்டித் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. போன வாரம் போனில், பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டாள். கல்லாட்டம் இருக்கு, வந்து தின்னு என்று சொல்லி வைத்தேன்.